‘பி.எஃப். பிடிக்காதீங்க, கையில கொடுத்துடுங்க’ என்று கேட்கும் தொழிலாளிக்கு என்ன பதில் சொல்வது?

கும்பகோணம் பக்கம் 26 பேர் வேலை பார்க்கும் நவீன அரிசி ஆலை உங்களுடையது. ஒரே மாதத்தில் ஐந்து கோரிக்கைகள் வந்திருக்கின்றன. உலர்த்தி இயந்திரத்தைப் பார்க்கும் ஒருவர், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்காமல் முழுச் சம்பளத்தையும் கையில் கேட்கிறார். கணக்குப் பார்ப்பவர், சம்பளத்தை உயர்த்துங்கள், ஆனால் புத்தகத்தில் 21,000 ரூபாயைத் தாண்டாமல் காட்டுங்கள் என்கிறார். மெஷின் ஆபரேட்டர், வீட்டுக் கடனுக்காக 19,000 சம்பளத்தை 30,000 என்று எழுதிச் சீட்டு கேட்கிறார். ஒடிசாவிலிருந்து வந்த ஆறு பேர், தங்கள் கூலி முழுவதையும் மேஸ்திரியின் வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறார்கள். பாய்லர் பக்கம் இருப்பவர், வேலையை விட்டதாகக் காட்டிவிட்டால் பி.எஃப். பணத்தை எடுத்து மகள் கல்யாணத்தை முடித்துக்கொள்வேன் என்கிறார். இவற்றில் எதற்குச் சம்மதிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கவலை கடைசி வரியில் இருக்கிறது: சம்பா நெல் வந்து குவியும் நேரத்தில், மறுத்தால் ஆள் பக்கத்து ஆலைக்குப் போய்விடுவாரே என்பது.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தில் ஒன்றுக்குக்கூட அவர்கள் கேட்ட வடிவத்தில் சம்மதிக்க முடியாது. ஆனால் ஐந்துக்கும் பின்னால் ஐந்து நிஜமான தேவைகள் இருக்கின்றன. பெரும்பாலும் அந்தத் தேவைக்குச் சட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. ‘முடியாது’ என்று ஒரே சொல்லில் முடித்து அனுப்பும் இடத்திலிருந்துதான் ஆள் கிளம்புகிறார்கள். ‘இதைச் செய்ய முடியாது, உங்களுக்கு என்ன நெருக்கடி என்று சொல்லுங்கள்’ என்று உட்கார வைத்துக் கேட்கும் இடத்திலிருந்து அவ்வளவு எளிதாகப் போவதில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பி.எஃப். விஷயத்தில்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்துக்கு பி.எஃப். கட்டாயம். நாளைக்கு உங்கள் ஆட்கள் 18 ஆகக் குறைந்தாலும் அந்தப் பொறுப்பு தொடரும். மாதம் 15,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இதில் விருப்பம் என்ற பேச்சே இல்லை. சேரும்போதே 15,000-க்கு மேல் வாங்குபவர், அதற்கு முன் எங்கும் உறுப்பினராக இருந்ததில்லை என்றால் மட்டுமே விலகி நிற்கலாம். ஒருமுறை உறுப்பினராகிவிட்டவர், பிறகு சம்பளம் கூடினாலும் வெளியேற முடியாது. ஆகவே யாரைச் சேர்த்தாலும் முதல் நாளே படிவம் 11 உறுதிமொழியை வாங்கி வையுங்கள். ‘இதுக்கு முன்னாடி எங்கேயும் பி.எஃப். இல்லைங்க’ என்று வாயால் சொன்னதை நம்பி விட்டுவிட்டு, பழைய யு.ஏ.என். எண் (ஒவ்வொரு பி.எஃப். உறுப்பினருக்கும் தரும் நிரந்தர எண்) பின்னால் வெளிவந்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ‘எனக்கு பி.எஃப். வேண்டாம் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது. சட்டம் கொடுத்த உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் செல்லாது. விசாரணை வந்தால், தெரிந்தே செய்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

தொழிலாளிக்குக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். பலர் இதைப் பார்த்ததே இல்லை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,500 என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் பிடிப்பது 12 சதவீதம், அதாவது 1,740 ரூபாய். உங்கள் பங்கும் 1,740. அதில் 1,208 ரூபாய் ஓய்வூதியத்துக்குப் போகிறது, மீதி 532 அவருடைய பி.எஃப். கணக்கில் சேர்கிறது. ஆக, அவர் கையில் 1,740 குறையும்போது கணக்கில் 2,272 ஏறுகிறது, ஓய்வூதியத்துக்கான 1,208 தனி. 2024–25-க்கான வட்டி 8.25 சதவீதம். இதற்கு மேல் காப்பீட்டுக்கு நீங்கள் அரை சதவீதம் கட்டுகிறீர்கள். அதில் தொழிலாளிக்கு ஒரு பைசா செலவில்லை. வேலையில் இருக்கும்போது அவர் இறந்துபோனால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை அந்தக் காப்பீட்டில் கிடைக்கும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் உண்டு. ஊறல் தொட்டி, உமி அடுப்பு, கன்வேயர் பெல்ட் என்று ஆபத்தான இடத்தில் நிற்கும் மனிதர், மாதம் 1,740 ரூபாய்க்காக இதைக் கைவிடச் சொல்லிக் கேட்கிறார் என்றால், அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்றுதான் பொருள். முடிந்தால் அவருடைய மனைவியும் இருக்கும்போது இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கக் கணக்கு இன்னும் கடுமையானது. தொழிலாளியின் பங்கை அந்தந்த மாதச் சம்பளத்திலிருந்துதான் பிடிக்க முடியும். அப்போது பிடிக்காமல் விட்டதைப் பின்னால் வரும் சம்பளத்திலிருந்து பிடிக்க வழியில்லை. எழுத்தர் பிழை, தற்செயலான தவறு என்றால் மட்டும் எழுத்துமூல அனுமதியோடு விலக்கு உண்டு. நீங்கள் தெரிந்தே விட்டது அதில் வராது. அதாவது மூன்று ஆண்டு கழித்து விசாரணை வந்தால் இரண்டு பங்கையும் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். மேலே சொன்ன சம்பளத்துக்கு 36 மாதம் 3,480 வீதம் 1,25,280 ரூபாய். சராசரியாக ஒன்றரை ஆண்டு தாமதம் என்று கொண்டால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி ஏறக்குறைய 22,500. மாதம் 1 சதவீதம் என்ற கணக்கில் தாமத இழப்பீடு இன்னொரு 22,500. ஒரே ஒரு ஆளுக்கு 1,70,000 ரூபாயைத் தொட்டுவிடும். இவ்வளவு நாளும் முழுச் சம்பளத்தையும் வாங்கியவர்தான் பெரும்பாலும் வேலையை விட்ட மறுமாதம் புகார் எழுதுவார். அவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அது அவருடைய பணம்தான்.

இப்போது தேவைக்கு வருவோம். கையில் முழுச் சம்பளம் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு வாரத் தவணை இருக்கும். மனைவி பெயரில் குழுக் கடன், அதற்கு மேல் நகை அடகு, ஜூன் மாதம் என்றால் பள்ளிக் கட்டணம். மாதம் முடிந்து 7-ம் தேதி சம்பளம் வாங்குபவருக்கு ஒவ்வொரு செவ்வாயும் தவணை நாள் என்றால் இடையில் கைமாற்று வாங்காமல் முடியாது. இங்கே நீங்கள் செய்யக்கூடியவை பல. சம்பளத்தை மாதத்தில் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம், பி.எஃப். கணக்கு மாத மொத்தத்துக்குத்தான், அதனால் அதில் எந்தச் சிக்கலும் இல்லை. வட்டியில்லா முன்பணம் கொடுக்கலாம். அதிகபட்சம் ஒரு மாதச் சம்பளம், ஆறு முதல் பத்துத் தவணையில் பிடித்தம், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டாமல் என்று எல்லோருக்கும் ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள். முன்பணச் சீட்டில் தொகை, தவணை, கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மிகக் கவனம் தேவை: ‘முன்பணம் தீரும் வரை வேறு எங்கும் போகக் கூடாது’ என்று ஒருபோதும் சொல்லவோ எழுதவோ வேண்டாம். ஆதார் அட்டையையோ ஏ.டி.எம். கார்டையோ பிணையாக வாங்கி வைக்க வேண்டாம். முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவது 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். போகிறவர் போனால் கடைசிக் கணக்கில் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குப் பிடித்துக்கொள்ளலாம். மிச்சம் கடன் பாக்கிதான், அதைக் கடனாகத்தான் கேட்க வேண்டும்.

கணக்குப் பார்ப்பவரின் 21,000 கதை இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டைச் சார்ந்தது. மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்குத்தான் இ.எஸ்.ஐ.; தொழிலாளி 0.75 சதவீதம், நீங்கள் 3.25 சதவீதம். மருத்துவம் முழுக் குடும்பத்துக்கும் என்பதால், வயதான பெற்றோருக்கு மாத்திரை வாங்கும் வீட்டில் இந்த எல்லையைத் தாண்டுவது உண்மையிலேயே பயம் தரும் விஷயம். ஆனால் 20,900 புத்தகத்தில், 1,500 ‘பெட்ரோல் காசு’ என்று கையில் என்பது பொய்க் கணக்கு. அதைச் செய்து தருபவர் உங்கள் சம்பளப் புத்தகத்தையே கையில் வைத்திருப்பவர் என்பதால் இரட்டிப்பு ஆபத்து. நாளைக்கு இதை வைத்து உங்களை அவர் எதற்கும் நெருக்க முடியும்.

அவருக்கு நேரான வழி சம்பள உயர்வின் தேதியில் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு சந்தாக் காலங்கள். ஒரு சந்தாக் காலம் தொடங்கிய பிறகு சம்பளம் எல்லையைத் தாண்டினால், அந்தக் காலம் முடியும் வரை சந்தா தொடர வேண்டும், பலனும் தொடரும். ஏப்ரல் 1 முதல் உயர்வு கொடுத்தால் மார்ச்சோடு சந்தா நின்று, பலன் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை. அதே உயர்வை மே 1 முதல் கொடுத்தால் செப்டம்பர் வரை சந்தா, பலன் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை. ஒரு மாத உயர்வைத் தள்ளிப்போட்டால் ஆறு மாத மருத்துவப் பாதுகாப்பு கூடுதலாகக் கிடைக்கிறது, எந்தக் கணக்கையும் திரிக்காமல். அதற்குள் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி எடுக்க அவகாசம் இருக்கும். பாதிப் பிரீமியத்தை நீங்கள் ஏற்றால் அவர் மனம் குளிரும். இன்னொன்று: மிகைநேர ஊதியம் அந்த 21,000 எல்லைக் கணக்கில் சேராது. அறுவடைக் காலத்தில் ஓவர்டைம் சேர்ந்து 23,000 வாங்கிவிட்டேன், இ.எஸ்.ஐ. போய்விடும் என்று பயப்படுபவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இதே வகையில் சம்பளத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லி வருபவர்களில் சிலருக்கு மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்ற அச்சம் இருக்கும். அங்கே எல்லை குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம். மாதம் 16,000 சம்பளம் என்றால் ஆண்டுக்கு 1,92,000 தான். வேறு வருமானம் இல்லாத வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை. பி.எஃப். பிடித்தாலே உரிமைத் தொகை போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு வருகிறார்கள்; விதியைச் சொன்னால் பாதிப்பேர் கோரிக்கையை அங்கேயே விட்டுவிடுவார்கள்.

கடனுக்காகக் கூட்டி எழுதும் சம்பளச் சீட்டில் தயங்கவே வேண்டாம், தரக் கூடாது. வங்கிக்குப் பொய் ஆவணம் கொடுக்க உதவுவது ஏமாற்றுக் குற்றத்துக்கு உடந்தை. அது தவிர, அந்தச் சீட்டு வேலைக்கும் ஆகாது. வங்கி ஆறு மாதக் கணக்கு அறிக்கையையும் பி.எஃப். பாஸ்புக்கையும் சேர்த்துக் கேட்கும். 30,000 என்று எழுதிய சீட்டுக்குப் பக்கத்தில் 19,000-க்கும் குறைவாக வரவு வைத்த அறிக்கை இருந்தால் கடன் மறுக்கப்படும், உங்கள் ஆலை பெயரும் கெடும். அதற்குப் பதிலாக, முழுமையான சம்பளச் சான்று கொடுங்கள். பெரும்பாலான ஆலைகள் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதிக் கொடுத்துத் தொழிலாளியின் கடன் தகுதியைத் தாங்களே குறைத்துவிடுகின்றன. நிலையான சம்பளம் எவ்வளவு, கடந்த 12 மாதத்தில் ஓவர்டைம் மொத்தம் எவ்வளவு, தீபாவளி போனஸ் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து தொடர்ந்து வேலையில் இருக்கிறார் என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்திடுங்கள். 19,000 சம்பளக்காரருக்குச் சராசரியாக மாதம் 3,000 ஓவர்டைம் இருந்தால் அது எழுத்தில் வருவது பெரிய உதவி. ஓவர்டைமை ரொக்கமாகவே கொடுத்து வந்திருந்தால் இப்படி எழுத முடியாது. எல்லாவற்றையும் வங்கி வழியாகக் கொடுக்க இதுவும் ஒரு காரணம். சில கடன் நிறுவனங்கள் சம்பளச் சான்றோடு, தவணையைச் சம்பளத்தில் பிடித்துத் தருவதாக உங்களிடம் உறுதிக் கடிதம் கேட்கும். இரண்டும் ஒன்றல்ல. சான்று என்பது நடந்ததைச் சொல்வது. உறுதிக் கடிதம் என்பது நீங்கள் ஒரு பொறுப்பை ஏற்பது. அவர் வேலையை விட்டால் என்ன ஆகும் என்ற வரியைப் படிக்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒடிசா தொழிலாளர்களின் கூலியை மேஸ்திரி கணக்கில் போடுவது, என் பார்வையில், இந்த ஐந்தில் மிக மோசமானது. மற்றவற்றில் கேட்பவர் தன் விருப்பத்தைச் சொல்கிறார். இங்கே ஆறு பேரின் விருப்பம்தானா அது என்பதே உங்களுக்குத் தெரியாது. ஊரிலிருந்து கிளம்பும்போது மேஸ்திரி கொடுத்த முன்பணம், சாப்பாட்டுச் செலவு, ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் அவர் தன்னிஷ்டப்படி கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். எவ்வளவு கழித்தார் என்று யாரும் கேட்க முடியாது. கூலி தொழிலாளியின் கையிலோ அவருடைய சொந்தக் கணக்கிலோ போய்ச் சேர வேண்டும். மேஸ்திரி கொடுக்கவில்லை என்று ஆறு பேரில் ஒருவர் புகார் செய்தால், நீங்கள் இரண்டாம் முறை கொடுக்க வேண்டிவரும். ஆறு பேரையும் தனித்தனியாக, மேஸ்திரி இல்லாதபோது, இந்தி அல்லது ஒடியா தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு கேளுங்கள். சிலருக்கு ஊரில் கணக்கு இருக்கும், ஆனால் கைபேசி எண் மாறி, கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் முடங்கியிருக்கும். ஆதார் இருந்தால் அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கியில் புதுக் கணக்கு தொடங்கலாம். தபால்காரரே ஆலைக்கு வந்து செய்து தருவார். கணக்கு வரும் வரை அந்த ஒரு மாதம் ரொக்கமாகக் கொடுக்கலாம்: கூலிப் பதிவேட்டில் கையெழுத்து அல்லது கைரேகை, 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் வருவாய் வில்லை, ஒரு சாட்சி. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள் என்பதால் வாரக் கூலியாகக் கொடுத்துவிடுவது நல்லது. மேஸ்திரிக்குச் சேர வேண்டிய கமிஷனை நீங்கள் தனியாக, ரசீது வாங்கிக்கொண்டு, அவர் கணக்கில் கொடுங்கள். அதைக் கூலியிலிருந்து கழிக்க வேண்டாம்.

உள்ளூர்க்காரர்களும் ‘தம்பி கணக்கில் போடுங்கள்’ என்பார்கள். காரணம் பெரும்பாலும், சம்பளம் விழுந்த அன்றே பழைய கடன் தவணையை வங்கி பிடித்துக்கொள்வதுதான். இரக்கம் வரும், ஆனால் பணம் போட வேண்டியது அவர் பெயரில் உள்ள கணக்கில்தான். வேறு வங்கியில் தன் பெயரிலேயே கணக்கு தொடங்கிக்கொண்டு வந்து தரட்டும், அது அவர் உரிமை. கணக்கு மாற்றக் கோரிக்கையை வாட்ஸ்அப்பில் ஏற்கவே ஏற்காதீர்கள். தொழிலாளியின் படத்தை வைத்துக்கொண்டு வேறு எவரோ அனுப்பும் மோசடி உண்டு. நேரில் வந்து படிவத்தில் கையெழுத்து, பாஸ்புக் முதல் பக்க நகல், ஒரு ரூபாய் அனுப்பிப் பெயர் சரியாக வருகிறதா என்று பார்ப்பது, இந்த மூன்றும் 25-ம் தேதிக்குள் முடிந்தால் அந்த மாதம், இல்லையென்றால் அடுத்த மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாய்லர்காரரின் கோரிக்கைக்கு வருகிறேன். வேலையை விட்டதாகப் பதிவு செய்தால் அந்தத் தேதியோடு அவருக்கு எல்லாம் நிற்கிறது. மறுநாளும் அவர் பாய்லர் முன்னால் நிற்கிறார். ஆனால் காகிதத்தில் அவர் உங்கள் தொழிலாளி இல்லை. அந்த இடைவெளியில் விபத்து நடந்தால் இ.எஸ்.ஐ. விபத்துப் பலன், பி.எஃப். காப்பீடு, குடும்ப ஓய்வூதியம் எல்லாமே சிக்கலில் மாட்டும். வருகைப் பதிவேடும் வங்கி வரவும் தொடர்வதால் பொய்யும் உடனே தெரியும். ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த சேவைக் காலம் போய்விடும். மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டு சேவை வேண்டும். ஐந்து ஆண்டு சேவை முடியாமல் 50,000-க்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் வரிப் பிடித்தமும் உண்டு.

இவ்வளவுக்கும் அவர் வேலையை விடவே வேண்டியதில்லை. மகள் திருமணம், மருத்துவம், வீடு, பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றுக்கு வேலையில் இருந்துகொண்டே பகுதித் தொகை எடுக்க விதி இருக்கிறது. எவ்வளவு சேவைக்கு எவ்வளவு என்பதைத் தளர்த்த 2025 அக்டோபரில் முடிவெடுத்தார்கள். அதனால் பழைய விகிதங்களை நம்பாமல், அவருடைய யு.ஏ.என். கணக்கில் நுழைந்து எவ்வளவு எடுக்கலாம் என்று காட்டுவதைப் பாருங்கள். இங்கே அடிக்கடி நடக்கும் தடை ஒன்று உண்டு: பெயர். ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால், பி.எஃப்.பில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுசாக. விண்ணப்பம் திரும்பி வந்துவிடும், அதைப் பார்த்துத்தான் ‘பி.எஃப். பணம் வராது, வேலையை விட்டால்தான் வரும்’ என்ற பேச்சு கிளம்புகிறது. பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி ஆகியவற்றைத் திருத்தும் கூட்டு உறுதிமொழியில் உங்கள் ஒப்புதலும் தேவைப்படலாம். கணக்கருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்து 26 பேருக்கும் பெயர், வங்கி எண், வாரிசு நியமனம் மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள். கல்யாணத் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் இது முடிந்திருந்தால் உங்களிடம் யாரும் பொய் ராஜினாமா கேட்டு வரமாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் டெல்டாவில் இது வராமல் இருக்காது: சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போக அனுபவச் சான்று. எட்டு மாதம் உதவியாளாக இருந்த பையனுக்கு ‘மூன்று ஆண்டு ஃபிட்டர்’ என்று எழுதித் தரச் சொல்லி உறவினர் மூலம் கேட்பார்கள். வேலை செய்த தேதிகள், உண்மையில் செய்த வேலைகள் ஆகியவற்றை விரிவாக எழுதிக் கொடுங்கள்: பெல்ட் மாற்றுதல், பேரிங் கிரீஸ், எலிவேட்டர் பக்கெட் சரிசெய்தல் என்று. அது நேர்மையான சான்று, அவனுக்குப் பயனும்படும். பாய்லர் உதவியாளர் தேர்வுக்குக் காட்டும் அனுபவச் சான்றில் மட்டும் ஒரு நாளைக்கூடக் கூட்டி எழுதாதீர்கள். நீராவி அழுத்தம் தெரியாதவரை அதன் முன்னால் நிறுத்துவதற்கு நீங்கள் கையெழுத்திட்டதாகும்.

இப்போது கசப்பான ஒன்று. உங்கள் ஆலையில் யாருக்காவது ஏற்கெனவே பாதி வங்கியில், பாதி கையில் என்று சம்பளம் போகிறதா? போகிறது என்றால் மேலே சொன்ன எதையும் உங்களால் உறுதியாகப் பேச முடியாது. முதலாளிக்கு வசதியான இடத்தில் இரண்டு கணக்கு, தொழிலாளி கேட்டால் சட்டம் என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. முதலில் உங்கள் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

மறுக்கும் முறையைப் பற்றி. கோரிக்கை வந்த அன்றே அல்லது மறுநாளே பதில் சொல்லுங்கள். இழுத்தால் ‘யோசிக்கிறார், செய்துவிடுவார்’ என்று நினைப்பார்கள். கணக்கரோ மேலாளரோ சம்மதமாக எதையும் சொல்லக் கூடாது, பதில் உங்களிடமிருந்து மட்டும். ஒரு சாதாரண நோட்டில் தேதி, பெயர், என்ன கேட்டார், என்ன சொன்னீர்கள், என்ன மாற்று கொடுத்தீர்கள் என்று எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். ஒருவருக்கு மறுத்ததை இன்னொருவருக்குச் செய்தால், அந்த இன்னொருவர் உங்கள் சித்தப்பா மகனாக இருந்தாலும், அன்று மாலைக்குள் ஆலை முழுதும் தெரிந்துவிடும். கேட்டதற்காக யாரையும் தண்டிக்காதீர்கள். கேட்பது குற்றம் அல்ல. போலி ரசீதோ திருத்திய சீட்டோ கொண்டுவந்து கொடுப்பது வேறு, அதற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தரலாம். இவ்வளவு செய்தும் ஒருவர் பக்கத்து ஆலைக்குப் போகத்தான் செய்வார் என்றால் போகட்டும். மூன்று ஆண்டுக்கு 1,70,000 என்ற கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பகுதியை, மாதம் 1,000 ரூபாய் கூடுதல் சம்பளமாக நேர்வழியில் கொடுத்தாலே ஆளைத் தக்கவைக்கலாம்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி உறுதியானது. இரண்டு இடங்களில் மட்டும் ஆவணத்தைப் பார்க்காமல் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒன்று, லாரிக்கு இவ்வளவு என்று ஏற்றுகூலி வாங்கும் சுமைதூக்குவோர். அவர்கள் உங்கள் தொழிலாளர்களா, சங்கத்தின் ஆட்களா என்பது யார் வேலை சொல்கிறார்கள், தினமும் உங்களிடமே வருகிறார்களா, யார் பணம் தருகிறார்கள் என்பதைப் பொறுத்து வழக்குக்கு வழக்கு மாறும். இரண்டாவது, ‘அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டினால் பி.எஃப். குறையுமே’ என்ற யோசனை. எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் படிகளும் பி.எஃப். கணக்கில் சேரும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிச்சம் சம்பளமாகவே கருதப்படும். இந்தப் புதிய வரையறை உங்கள் கணக்கரின் 21,000 எல்லையையும் தொடலாம். ஆகவே உங்கள் சம்பளப் பிரிவுகளை ஒரு தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் காட்டாமல் மாற்றாதீர்கள்.

ஏற்கெனவே யாருக்காவது பி.எஃப். பிடிக்காமல் விட்டிருந்தால், விசாரணைக் கடிதம் வருவதற்கு முன் நீங்களே போய்க் கட்டுவதுதான் மலிவு. விட்டுப்போனவர்களைச் சேர்க்க 2025 நவம்பர் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை ஒரு சேர்க்கைத் திட்டம் அறிவித்தார்கள். பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்குக்கு அதில் தள்ளுபடி இருந்தது. அது நீண்டிருக்கிறதா, வேறு திட்டம் வந்திருக்கிறதா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். அவரிடம் போகும்போது வருகைப் பதிவேடு, கூலிப் பதிவேடு, ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, ஆதார் நகல், கையில் கொடுத்த ரொக்கத்தின் குறிப்பு எல்லாவற்றையும் மறைக்காமல் கொண்டுபோங்கள். இந்த மாதச் சந்தாவைப் பொறுத்தவரை, பி.எஃப்.புக்கும் இ.எஸ்.ஐ.க்கும் கடைசி நாள் அடுத்த மாதம் 15. உலர்த்திக்காரரின் பெயரையும் சேர்த்தே கட்டிவிடுங்கள், அவரிடம் பேசிய பிறகு.